செல்லில் ஓட்டை போடும் புரதமும், அதைக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடியும்

மேக்ரோஃபேஜ் செல்கள் சாவதை மைக்ரோஸ்கோப்பில் முதல்முறை பார்த்தபோது எனக்கு எண்ணெயில் போட்ட பூரிதான் நினைவுக்கு வந்தது. தட்டின் அடியில் சப்பையாக ஒட்டிக் கிடந்த செல் ஓர் ஓரத்தில் லேசாக உப்பும். கண்ணாடிக் குமிழி மாதிரி ஒன்று வெளியே தள்ளிக்கொண்டு வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குமிழி பெரிதாகி, நடுவில் உட்கரு மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிய, செல் அப்படியே நின்றுவிடும். உள்ளே இருந்த சரக்கு வெளியே கசிந்துவிட்டது. மிஞ்சியது கூடு.

மேக்ரோஃபேஜ் என்பது உடம்புக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கிச் செரிக்கும் செல். அது இப்படி உப்பிச் சாவதற்குப் பைரோப்டோசிஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் பைரோ என்றால் நெருப்பு, ப்டோசிஸ் என்றால் விழுதல். 2001-இல் குக்சனும் பிரென்னனும் வைத்த பெயர். அதற்கு முன்பே, 1972-இல், அப்போப்டோசிஸ் என்ற சொல் வந்துவிட்டது. அதற்கு மரத்திலிருந்து இலை உதிர்தல் என்று பொருள். இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

அப்போப்டோசிஸில் செல் சத்தமில்லாமல் சாகும். சுருங்கி, தன்னைத்தானே சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைத்துவிடும். பக்கத்துச் செல்கள் வந்து அவற்றைத் தின்றுவிடும். தினம் தினம் நம் உடம்பில் கோடிக்கணக்கில் நடக்கிற சாவு இது. நமக்குத் தெரிவதே இல்லை. பைரோப்டோசிஸ் அப்படிப்பட்டதில்லை. அது ஊரைக் கூட்டிவிட்டுத்தான் சாகும். சாகும்போது இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற அபாய அறிவிப்புப் புரதங்களை வெளியே கொட்டும். அதைக் கேட்டு இரத்தக் குழாய்கள் விரியும், மற்ற தற்காப்புச் செல்கள் ஓடிவரும், காய்ச்சல் அடிக்கும். சிவத்தல், வீக்கம், சூடு, வலி என்று ரோமானியரான செல்சஸ் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த அழற்சியின் நான்கு அடையாளங்களும் இப்படித்தான் கிளம்புகின்றன.

எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? சில பாக்டீரியாக்கள் கெட்டிக்காரத்தனமானவை. விழுங்கின செல்லுக்குள்ளேயே குடியேறி, அங்கேயே பெருகும். வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான், வெளியே தள்ள முடியவில்லை என்றால், வீட்டையே கொளுத்தி ஊரை எழுப்புவது ஒரு வழி. செல் செய்வது அதைத்தான்.

இந்தச் சாவை முதலில் பார்த்தவர்களுக்கே அது வேறு வகை என்று தெரியவில்லை. 1992-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் சைக்லின்ஸ்கியும் உடன் இருந்தவர்களும், சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியா மேக்ரோஃபேஜ்களைக் கொல்வதைக் கண்டார்கள். அப்போப்டோசிஸின் அடையாளமாக அன்று எண்ணப்பட்டபடி டி.என்.ஏ. துண்டாகியிருந்தது. ஆகவே அப்போப்டோசிஸ் என்றே எழுதினார்கள். அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு சாவையும் பிரித்துக் காட்டும் கருவி அன்று யார் கையிலும் இல்லை. எந்தப் புரதம் வேலை செய்கிறது என்று தெரிந்து, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியும் இருந்தால்தான் அந்தப் பிரிவினை கைகூடும்.

அந்தப் புரதம் 2015-இல் அகப்பட்டது. பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவோவின் ஆய்வகமும், அமெரிக்காவில் ஜெனன்டெக் நிறுவனத்தில் விஷ்வா தீக்ஷித்தின் குழுவும் வெவ்வேறு வழியில் தேடி, ஒரே பெயரில் வந்து நின்றார்கள்: காஸ்டெர்மின் டி. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதம் முதலில் இரைப்பையிலும் தோலிலும் காணப்பட்டதால், இரைப்பையையும் தோலையும் குறிக்கும் சொற்களை ஒட்டவைத்துக் குடும்பத்துக்கே காஸ்டெர்மின் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயருக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. உயிரியலில் இது சகஜம்.

மனிதரின் காஸ்டெர்மின் டி 484 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. எடை சுமார் 53 கிலோடால்டன். கிலோடால்டன் என்பது புரதங்களை எடைபோடும் அலகு. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். சங்கிலியின் முன்பாதி, அதாவது என்-முனைப் பக்கம், ஓட்டை போடும் பாதி. பின்பாதி, அதாவது சி-முனைப் பக்கம், அந்த முன்பாதியை அசையவிடாமல் பிடித்துவைத்திருக்கும். கட்டுத்தறியில் கட்டிய காளை மாதிரி. இரண்டுக்கும் நடுவே உள்ள தளர்வான பகுதிதான் கயிறு. கயிறு இருக்கும்வரை காளை சாது. செல்லுக்குள் காஸ்டெர்மின் டி எவ்வளவு இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

கயிற்றை அறுப்பது காஸ்பேஸ்-1 என்ற என்சைம். அதுவும் சும்மா அலைந்து கண்டதை எல்லாம் அறுத்துக்கொண்டிருப்பதில்லை. செல்லுக்குள் ஏதோ தப்பாக நடக்கிறது என்று உணரும் என்.எல்.ஆர்.பி.3 போன்ற காவல் புரதங்கள் ஒன்றுகூடி இன்ஃப்ளமசோம் என்ற கூட்டமைப்பைக் கட்டும். 2002-இல் சுவிட்சர்லாந்தில் யூர்க் சோப்பின் குழு விவரித்த அமைப்பு இது. காஸ்பேஸ்-1 அங்கேதான் தீட்டப்படுகிறது. கவுட் என்ற மூட்டுவாதத்தில் கால் பெருவிரல் மூட்டில் சேரும் யூரிக் அமிலப் படிகங்கள்கூட இந்தக் காவல் புரதத்தை உசுப்பிவிடும்; கிருமியே இல்லாமல் விரல் அப்படிச் சிவந்து வீங்குவதில் இதற்குப் பங்கு உண்டு. பாக்டீரியாவின் உறைப்பொருளான எல்.பி.எஸ். நேரே செல்லுக்குள் வந்துவிட்டால் காஸ்பேஸ்-4, காஸ்பேஸ்-5 ஆகியவையும் இதே கயிற்றை அறுக்கும்.

அறுபடும் இடம் மிகத் துல்லியமானது: 275-ஆவது அமினோ அமிலமான அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு அடுத்து. அறுந்ததும் 31 கிலோடால்டன் எடையுள்ள முன்பாதி விடுபட்டு, செல் சவ்வின் உட்புறத்தில் போய் ஒட்டும். ஒன்றோடொன்று கை கோத்து, சுமார் 33 துண்டுகள் சேர்ந்து ஒரு வளையமாகும். கிணற்றுக்குள் இறக்கும் சிமென்ட் உறையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் ஏறக்குறைய 21 நானோமீட்டர். இன்டர்லூக்கின்-1 பீட்டாவின் விட்டம் 4, 5 நானோமீட்டர்தான். தாராளமாக வெளியேறிவிடும். தண்ணீரும் உப்பும் கட்டுப்பாடில்லாமல் உள்ளே வரும். செல் உப்பும். பூரி.

சரி, இதில் ஆன்டிபாடி எங்கே வருகிறது?

ஆன்டிபாடி, பாடப்புத்தகத் தமிழில் எதிர்ப்பொருள், நம் உடம்பு கிருமிகளுக்கு எதிராகச் செய்யும் கவட்டை வடிவப் புரதம். இரண்டு கை, ஒரு தண்டு. கைகளின் நுனி ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டும் பிடிக்கும். ஒரு புரதத்தை முழுசாகக் கட்டிப்பிடிப்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். அது பிடிப்பது புரதத்தின் மேல் உள்ள ஐந்தாறு அமினோ அமிலங்கள் அளவுக்கான ஒரு சின்ன இடத்தை. அந்த இடத்துக்கு எபிடோப் என்று பெயர். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கலைச்சொல்லைத்தான் எடுத்துக்கொண்டு போவீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

ஒரு முயலுக்கு ஏதாவது ஒரு புரதத்தை ஊசியில் ஏற்றினால், அதன் இரத்தத்தில் அந்தப் புரதத்தின் வெவ்வேறு எபிடோப்புகளைப் பிடிக்கும் பலவகை ஆன்டிபாடிகள் கலந்து வரும். அது பாலிகுளோனல். ஒரே செல்லின் வாரிசுகளிலிருந்து, ஒரே எபிடோப்பைப் பிடிக்கும் ஒரே வகை ஆன்டிபாடியைத் தொடர்ந்து எடுக்க முடிந்தால் அது மோனோகுளோனல். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், ஆன்டிபாடி செய்யும் செல்லைச் சாகாமல் பெருகும் புற்றுச் செல்லோடு இணைத்து இதைச் சாதித்தார்கள். 1984-இல் நோபல் பரிசு. அந்த முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை என்பதை இன்றைய மோனோகுளோனல் மருந்துச் சந்தையை வைத்துப் பார்த்தால் தலை சுற்றும்.

காஸ்டெர்மின் டி-யைப் பிடிக்க ஆன்டிபாடி வேண்டும் என்று கடையில் கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த இடத்தைப் பிடிக்க வேண்டும்? பின்பாதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி, அறுபடாத 53-ஐயும் அறுந்து விழுந்த 22 கிலோடால்டன் பின்துண்டையும் காட்டும். ஓட்டை போடும் துண்டு அதன் கண்ணிலேயே படாது. முன்பாதியைப் பிடிப்பது 53-ஐயும் 31-ஐயும் காட்டும். மூன்றாவதாக ஒன்று உண்டு. அது அறுபட்ட வெட்டுவாயை மட்டும் பிடிக்கும். முழுப் புரதத்தை அது சீண்டாது. 31 மட்டும்தான் தெரியும். மூன்று பாட்டிலின் மேலும் காஸ்டெர்மின் டி ஆன்டிபாடி என்றுதான் எழுதியிருக்கும். லேபிளை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, துண்டு தெரியவில்லை, ஆகவே செல் பைரோப்டோசிஸில் சாகவில்லை என்று முடிவுகட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வாங்கியது பின்பாதிக்காரனை.

வெட்டுவாயை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை எப்படிச் செய்வார்கள் என்பது எனக்குப் பிடித்த கதை. அறுபடும் இடத்துக்கு முன்னால் உள்ள நான்கு அமினோ அமிலங்கள் மனிதருக்குப் பினைல்அலனின், லூசின், த்ரியோனின், அஸ்பார்ட்டிக் அமிலம். முழுப் புரதத்தில் அந்த அஸ்பார்ட்டிக் அமிலத்தின் வால் அடுத்த அமினோ அமிலத்தோடு கோத்திருக்கும். அறுந்த பிறகு அந்த வால் அந்தரத்தில் தொங்கும். இந்தத் தொங்கும் நுனி முழுப் புரதத்தில் கிடையவே கிடையாது. வெட்டு விழுந்தால்தான் பிறக்கும். ஆகவே அதே மாதிரி முடியும் ஒரு குட்டிச் சங்கிலியைச் செயற்கையாகத் தயாரிப்பார்கள். சின்னதாக இருப்பதால் முயலின் உடம்பு அதைச் சட்டை செய்யாது. அதனால் ஒரு பெரிய புரதத்தின் முதுகில் ஏற்றி அனுப்ப வேண்டும். இதற்கு வழக்கமாக உதவுவது கீஹோல் லிம்பெட் என்ற கடல் நத்தையின் இரத்தப் புரதம். முயல் ஆன்டிபாடி செய்த பிறகு வடிகட்டுகிற வேலை. அறுபடாத சங்கிலியையும் பிடிக்கிறவற்றை எல்லாம் தள்ளிவிட்டு, தொங்கும் நுனியை மட்டும் பிடிக்கிறதைத் தேர்ந்தெடுப்பார்கள். சொல்ல ஒரு வரி, செய்ய மாதக்கணக்கு.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது. எலியின் காஸ்டெர்மின் டி அறுபடுவது 276-ஆவது இடத்தில், அதற்கு முன்னால் உள்ள நான்கு அமினோ அமிலங்கள் லூசின், லூசின், செரின், அஸ்பார்ட்டிக் அமிலம். மனித வெட்டுவாய்க்கென்று செய்த ஆன்டிபாடி எலியின் வெட்டுவாயைப் பிடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எலிச் செல்லில் வேலை செய்பவர் மனித ஆன்டிபாடியைக் கடன் வாங்கிப் போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று புலம்புவது லேப்களில் வாடிக்கை.

ஆன்டிபாடி கையில் வந்தாயிற்று. இப்போது அதை எப்படிக் கேள்வி கேட்பது? அதிகம் புழங்கும் வழி வெஸ்டர்ன் பிளாட். பெயருக்குப் பின்னால் ஒரு கிண்டல் இருக்கிறது. 1975-இல் எட்வின் சதர்ன் என்பவர் டி.என்.ஏ.வைக் கண்டறியும் முறை ஒன்றை வெளியிட்டார். அவர் பெயரிலேயே அது சதர்ன் பிளாட் ஆனது. ஆர்.என்.ஏ.வுக்கு அதையே செய்தவர்கள் குறும்பாக நார்தர்ன் என்றார்கள். புரதத்துக்கான முறையை 1979-இல் டோபின் குழு வெளியிட்டது. 1981-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில், சியாட்டிலில் இருந்த பர்னெட், தன் கட்டுரையில் அதற்கு வெஸ்டர்ன் என்று பெயர் சூட்டினார். பெயர் ஒட்டிக்கொண்டது.

செய்முறையை ஒருமுறை கூடவே நடந்து பார்க்கலாம். இந்தச் சோதனைக்கு லேப்களில் அதிகம் பயன்படுவது டி.எச்.பி.-1 என்ற மனித இரத்தப் புற்றுச் செல்வரிசை. முதலில் ஒரு வேதிப்பொருளைக் கொடுத்து அவற்றை மேக்ரோஃபேஜ் மாதிரி தட்டில் ஒட்டிக்கொள்ள வைக்க வேண்டும். பிறகு எல்.பி.எஸ். கொடுத்தால் செல் உஷாராகும், ஆனால் சாகாது. அப்புறம் நைஜெரிசின். இது செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே ஓடவிடும். அதைப் பார்த்துக் காவல் புரதம் மணியடிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் பூரிகள் தயார்.

செல்களைச் சோப்பு மாதிரியான ஒரு கரைசலில் கரைத்து, 95 டிகிரியில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால், சுருண்டு கிடந்த புரதங்கள் எல்லாம் நீளமாக விரிந்துவிடும். கூடவே சேர்க்கும் மெர்கேப்டோஎத்தனால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். இந்த வேலை நடக்கிற அன்று லேப்புக்கு விருந்தாளி வரக் கூடாது. பிறகு ஜெல் ஓட்ட வேண்டும். ஜெல் என்பது சின்னச் சின்னக் கண்ணிகள் கொண்ட ஜெல்லித் தகடு. மேலே உள்ள குழிகளில் மாதிரியை விட்டு மின்சாரம் கொடுத்தால், சின்னப் புரதங்கள் கண்ணிகளுக்குள் நுழைந்து வேகமாகக் கீழே ஓடும். பெரியவை மேலேயே தங்கும். எடை தெரிந்த கலர்ப் புரதங்களை ஓரக் குழியில் ஓடவிடுவோம். அதுதான் அளவுகோல்.

ஜெல் மென்மையானது, கையில் எடுத்தால் கிழியும். அதனால் புரதங்களை அதிலிருந்து மெம்பிரேன் என்ற வெள்ளைக் காகிதம் மாதிரியான தாளுக்கு மாற்ற வேண்டும். ஜெல்லின் மேல் மெம்பிரேனை வைத்து, சப்பாத்திக் கட்டை உருட்டுவது மாதிரி ஒரு கண்ணாடிக் குழாயை உருட்டிக் காற்றை வெளியேற்றுவோம். ஒரு குமிழி தங்கினாலும் அந்த இடத்தில் புரதம் மாறாது. கடைசிப் படத்தில் வட்டமாக ஒரு வெள்ளை ஓட்டை தெரியும். சனியன், அது சரியாக நமக்கு வேண்டிய இடத்தில்தான் வரும்.

அடுத்து வருவது பால்பவுடர். உண்மையாகவே பால்பவுடர்தான், கொழுப்பு நீக்கியது, 5 சதவீதக் கரைசல். மெம்பிரேன் எந்தப் புரதத்தையும் இழுத்துக்கொள்ளும்; காலி இடத்தை எல்லாம் பாலின் புரதத்தால் அடைத்துவிட்டால், ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாது. பிறகு நம் ஆன்டிபாடியை, பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்து, குளிர் அறையில் இரவு முழுவதும் ஆடவிட வேண்டும். காலையில் கழுவிவிட்டு இரண்டாவது ஆன்டிபாடி. முதலாவது முயலிலிருந்து வந்தது என்றால், முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும்படி ஆட்டிலிருந்து எடுத்தது இது. இதன் முதுகில் ஹார்ஸ்ரேடிஷ் என்ற காரமான கிழங்கிலிருந்து எடுத்த என்சைம் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கான வேதிப்பொருளைத் தெளித்தால் அந்த இடம் மட்டும் மங்கலாக ஒளிரும். கேமரா அதைப் படமெடுக்கும். ஆன்டிபாடி கெடாமல் இருக்கச் சோடியம் அசைடு சேர்ப்பார்கள். அதே அசைடு இந்தக் கிழங்கு என்சைமை முடக்கிவிடும். ஆகவே இரண்டாவது ஆன்டிபாடியின் கரைசலில் அது வரவே கூடாது.

படத்தில் தெரியும் கறுப்புக் கோட்டைத்தான் பேண்ட் என்கிறோம். லேப் நடைவழியில் நண்பரைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே ‘பேண்ட் வந்துச்சா?’ என்றுதான் கேட்போம். பேண்ட் வருவது பெரிய காரியமில்லை. எது வந்தது என்று தெரிய வேண்டும். முன்பாதியைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் போட்டோம் என்று வையுங்கள். ஒன்றும் கொடுக்காத செல்களின் வரிசையில் (ஜெல்லில் அந்த மாதிரியை விட்ட குழிக்கு நேர் கீழே உள்ள பாதையில்) 53-இல் ஒரு பேண்ட் இருக்கும். எல்.பி.எஸ். மட்டும் கொடுத்த வரிசையிலும் அதே 53. நைஜெரிசினும் சேர்த்த வரிசையில் 53 வெளுத்து, 31-இல் புதிதாக ஒன்று முளைக்கும். எம்.சி.சி.950 என்ற மருந்தால் என்.எல்.ஆர்.பி.3-ஐ முன்கூட்டியே கட்டிப்போட்ட வரிசையில் நைஜெரிசின் கொடுத்தும் 31 வராது. இந்த நான்கும் ஒரே படத்தில் இருந்தால்தான் அந்த 31-க்கு அர்த்தம் உண்டு.

நான் முதல்முறை இதைச் செய்தபோது 53 வெளுத்தது, 31 வரவே இல்லை. மூன்று முறை செய்தேன். ஆன்டிபாடி மோசம் என்று முடிவுகட்டி, விற்ற நிறுவனத்துக்குக் காரசாரமாக ஒரு மின்னஞ்சல்கூட எழுதி வைத்தேன். அனுப்புவதற்கு முன் பக்கத்து மேசை அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “செல்லுக்கு மேல இருந்த தண்ணிய என்ன பண்ண?”

கொட்டிவிட்டேன். உப்பி உடைந்த செல்லுக்குள் இருந்த புரதங்கள் அந்தத் தண்ணீருக்குள்தான் போயிருந்தன. செல் எவ்வளவு நன்றாகச் சாகிறதோ, அவ்வளவு சாட்சியம் சிங்க்கில் போகும். மேல்நீரை எடுத்துவைத்து, மெத்தனாலும் குளோரோஃபார்மும் சேர்த்துச் சுழற்றினால், இரண்டு அடுக்குக்கும் நடுவே பாலாடை மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளைத் தகடு நிற்கும். அதுதான் அத்தனை புரதமும். அதைக் கலைக்காமல் மேல் அடுக்கை உறிஞ்சி எடுப்பதற்குள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். இன்னொன்றும் அன்று கற்றேன். நைஜெரிசின் கொடுக்கும் நேரத்தில் செல்களைச் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) இல்லாத கரைசலில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சீரத்தில் கொட்டிக் கிடக்கும் ஆல்புமின் என்ற புரதம் வரிசை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அந்த வாரமே 31 வந்தது, மை மாதிரி கறுப்பாக. மின்னஞ்சலை அழித்துவிட்டேன்.

சில நாள் 53-உம் 31-உம் இல்லாமல் 43-இல் ஒன்று வந்து குழப்பும். பதற வேண்டாம். அப்போப்டோசிஸின் கத்தியான காஸ்பேஸ்-3 இதே காஸ்டெர்மின் டி-யை வேறு இடத்தில், 87-ஆவது அமினோ அமிலத்துக்கு அடுத்து, வெட்டும். அது கயிற்றை அறுப்பது இல்லை, காளையையே வெட்டுவது. அந்தத் துண்டால் ஓட்டை போட முடியாது. ஆக, 31 என்றால் ஆர்ப்பாட்டமான சாவு, 43 என்றால் அமைதியான சாவு நடந்துகொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். பாரிஸில் 1992-இல் கிடைக்காத பிரிவினை இதுதான். ஆனால் எல்லா வரிசையிலும் சம அளவு புரதம் போட்டிருக்கிறோமா என்று சரிபார்க்க வழக்கமாகப் பயன்படும் ஆக்டின் 42-இல் இருக்கிறது. ஒரே மெம்பிரேனில் முதலில் ஆக்டினைப் பார்த்துவிட்டு, சரியாகக் கழுவாமல் காஸ்டெர்மினைத் தேடினால், பழைய ஆக்டினே 43 மாதிரி பல்லைக் காட்டும்.

இவ்வளவு எண்களும் சரியாக வந்தாலும், ஆன்டிபாடி நிஜமாகவே காஸ்டெர்மின் டி-யைத்தான் பிடிக்கிறதா என்ற சந்தேகம் தீர்ந்துவிடாது. அதே எடையில் வேறு புரதம் ஒன்றில் அதே மாதிரி ஐந்தாறு அமினோ அமிலங்கள் இருந்தால் அதையும் பிடிக்கும். இதற்கு என் கணக்கில் ஒரே நேர்மையான பரிசோதனைதான்: காஸ்டெர்மின் டி மரபணுவையே நீக்கிய நாக்அவுட் செல்களைப் பக்கத்து வரிசையில் ஓட்டிப் பார்ப்பது. அங்கே காணாமல் போகும் பேண்ட்தான் நம் ஆள். அங்கேயும் அசையாமல் நிற்கிற பேண்ட் வேறு எவனோ. 2016-இல் மத்தியாஸ் உலென் தலைமையிலான பன்னாட்டுக் குழு ஆன்டிபாடிகளைச் சரிபார்க்கப் பரிந்துரைத்த ஐந்து வழிகளில் இந்த மரபணு வழியும் ஒன்று. விற்பனைத் தாளில் நாக்அவுட் வரிசையைக் காட்டாத ஆன்டிபாடிக்கு நான் காசு கொடுப்பதில்லை.

செல்லுக்குள் அந்தப் புரதம் எங்கே நிற்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்கவும், திசுத் துண்டுகளில் தேடவும் ஆன்டிபாடிகளைப் பயன்படுத்தலாம். ஆனால் வெஸ்டர்னில் ஜொலிக்கிற ஆன்டிபாடி அங்கே முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். வெஸ்டர்னில் புரதம் விரிந்து கிடக்கிறது. ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவில் சுருண்டு, இறுகி, எபிடோப் உள்ளே ஒளிந்திருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் தனியாகச் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

இனி, 31 தெரிந்தால் செல் செத்துவிட்டது என்று அர்த்தமா? இங்கேதான் புதிதாக வருபவர்கள் வழுக்குகிறார்கள். ஆன்டிபாடி காட்டுவது வெட்டை. வெட்டுக்கும் சாவுக்கும் நடுவே சில படிகள் இருக்கின்றன. ஓட்டை விழுந்த சவ்வைச் செல் ஒட்டுப்போட முயலும். எஸ்கார்ட் என்ற புரதக் கூட்டம் ஓட்டை விழுந்த பகுதியைக் கிள்ளி வெளியே எறிவதை 2018-இல் கண்டார்கள். ஓட்டை கொஞ்சமாக இருந்தால் செல் பிழைத்தும் கொள்ளலாம். கடைசியில் சவ்வு முழுவதுமாகக் கிழிவதற்குக் காரணமே வேறு ஒரு புரதம், நின்ஜூரின்-1 என்று 2021-இல் தெரியவந்தது. கிழிந்ததா என்று பார்க்க எல்.டி.எச். என்ற என்சைம் மேல்நீரில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பார்கள். அது 140 கிலோடால்டன் பெருத்த ஆசாமி. செல் கிழிந்தால்தான் மொத்தமாகக் கொட்டும். அதனால் பிளாட்டுக்குப் பக்கத்தில் எல்.டி.எச். அளவும் இருக்க வேண்டும்.

இந்த வித்தியாசத்தை டைசல்ஃபிராம் அளவுக்குப் பளிச்சென்று காட்டுவது வேறு எதுவும் இல்லை. குடியை நிறுத்தப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் பழைய மாத்திரை அது. காஸ்டெர்மின் டி-யின் ஓட்டையை அது தடுக்கிறது என்று 2020-இல் வெளியானது. புரதத்தின் 191-ஆவது இடத்தில் உள்ள சிஸ்டீனில் போய் ஒட்டிக்கொள்ளும். காஸ்பேஸ் வழக்கம்போலக் கயிற்றை அறுக்கும், முன்பாதி விடுபடும், ஆனால் வளையம் சேராது. செல்களைக் கரைத்து வெஸ்டர்ன் போட்டால் வெட்டுவாய் ஆன்டிபாடி தன் வேலையைச் சரியாகச் செய்து, 31-இல் பேண்டைக் காட்டும். தட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், பூரி உப்பியிருக்காது.